கீழ்க்கதவு சாத்திக்கொண்ட நாள்

மலைமேல் ஒரு வீடு. அதன் சுவரில் குளிர்காயப் பதித்த இரும்பு அடுப்புக்குக் காற்று வர இரண்டு சின்னக் கதவுகள் இருந்தன. விறகுக்கு அடியில் அக்கா, தீ தெரியும் முன்பக்கக் கண்ணாடிக்கு மேலே தங்கை. வீட்டுக்காரர்கள் காலையில் விறகைப் பற்றவைத்துவிட்டு, குழந்தையையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்கள்.

அப்புறம் தீயை வளர்ப்பது அக்காதான். கேட்டபோதெல்லாம் காற்றைக் கொடுத்தாள். அதனால்தான் நேற்று அது ஆட்டமாய் ஆடி, மத்தியானத்துக்குள் அத்தனை விறகையும் தின்றுவிட்டு அணைந்துபோனது. சாயங்காலம் வந்தவர்கள் குளிரில் நடுங்கினார்கள்.

இன்று விறகு நன்றாகப் பற்றிக்கொண்டதும் அக்கா மெல்லச் சாத்திக்கொண்டாள்.

"அம்மா, திற! என்மேல கோவமா?" என்று தீ அழுதது.

அக்கா மேலே பார்த்தாள். "நீயாவது பார்த்துக்கோடி," என்றாள் தங்கையிடம்.

"நான் இருக்கேன்க்கா. நீ திறந்துடாதே."

தங்கை மேலிருந்து நூல்போலக் காற்றை விட்டாள். அது கண்ணாடியில் புகை படியாமல் துடைத்தபடி தீயிடம் இறங்கியது. தீ விசும்பியது, முணுமுணுத்தது, பிறகு நிதானமாக எரியத் தொடங்கியது. அக்கா திறக்கவில்லை, கண்ணயரவும் இல்லை.

சாயங்காலம் மழையோடு மழையாக வாசலில் ஆள் வரும் சத்தம் கேட்டது. அடுப்பில் இன்னும் கங்கு சிவந்து கிடந்தது.

"அம்மா," என்று தீ மெதுவாகக் கூப்பிட்டது. "கொஞ்சம் திறக்கிறியா? எனக்கில்லம்மா. கண்ணாடி வழியாப் பார்க்கிறேன், குழந்தை தொப்பலா நனைஞ்சு வந்திருக்கு."

அக்கா அகலமாகத் திறந்துகொண்டாள்.