சுவர் வாசித்த கெட்டிமேளம்

சினிமா வாய்ப்புகள் குறைந்ததும் இசையமைப்பாளர் மருதவாணன் வீடுகளுக்குப் பின்னணி இசை போட ஆரம்பித்தார். வீட்டில் இருப்பவர்களின் மனசில் என்ன ஓடுகிறதோ, அதைச் சுவர்களே வாசித்துவிடும். மாமியார் கோபத்தை மென்று விழுங்கினாலும் உருமி அதிரும். மருதவாணன் வீட்டில் மட்டும் ஓயாமல் ஜால்ராதான். வருகிறவர்கள் எல்லாம் "அண்ணே, உங்க பாட்டு மாதிரி வருமா?" என்று ஆரம்பிப்பார்கள், சுவர் கிணுகிணுக்கும்.

அன்று மகள் ஹம்சா ஒரு பையனைக் கூட்டிவந்தாள்.

"இது ஜெபராஜ்ப்பா. சும்மா ஃப்ரெண்டு."

அவள் வாயை மூடுமுன் அறுபது வயலின்கள் காதல் மெட்டைப் பொழிந்து தள்ளின. அவர் போட்ட மெட்டேதான்.

மருதவாணன் முறைத்தார். "தம்பிக்கு என் பாட்டுல எது பிடிக்கும்?"

"ஒண்ணுகூடப் பிடிக்காது சார். எல்லாம் ஒரே இழுவை."

ஜால்ரா சத்தமே இல்லை.

மருதவாணன் துள்ளி எழுந்தார். "என் பாட்டு பிடிக்காதவனுக்கு என் பொண்ணா? இந்த ஜென்மத்துல நடக்காது!"

கூரை பிய்ந்துபோகும்படி கத்திவிட்டு, இதோ உருமி அதிரப்போகிறது என்று நீட்டிய விரலோடு காத்து நின்றார்.

நாலு சுவரும் ஒன்றுசேர்ந்து கெட்டிமேளம் கொட்டின.