ஜப்பான் ஓடிப்போயிந்தி

"ஓடிப்போன பொண்ணுக்கு இன்னாத்துக்கு நிச்சயதார்த்தம்? தட்டு தூக்கிக்கினு வர எங்களுக்கு வேற வேல இல்லையா?"

தாட்சாயணி போட்ட சத்தத்தில் ஆந்திர எல்லையிலுள்ள வரதய்யபாளையத்தின் அந்தத் தமிழ்த் தெருவில் பாதிப்பேர் சாப்பிட்ட கையைக் கழுவாமலே வெளியே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை ஜெயச்சந்திரனின் அம்மா. விஜயபுரத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். சத்தம் போட முழு உரிமை உள்ளவள்.

"யாரு ஓடிப்போனது? எம்பொண்ணு தேவயானி மாடிலதான் கீறா!" வாசலை மறித்து நின்ற யசோதாவும் குரலில் குறைந்தவள் இல்லை.

"அப்ப கமலம்மா போன்ல சொன்னது பொய்யா?"

தெருவே எதிர்வீட்டுக் கமலம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அவள் அசரவில்லை. "எங்காதால கேட்டேன். மொட்டமாடில மொளகா காய வச்சிக்கினு இருந்தேன். எதிர் ஜன்னலாண்ட வந்து நின்னுக்கினு ஹரிபாபு கத்துறான், 'ஜப்பான் ஓடிப்போயி'ன்னு. நம்ம தெருவுல ஜப்பான்னா யாரு?"

தேவயானிதான். ஊருக்குப் பக்கத்தில் வந்த கம்பெனிப் பேட்டையில் ஜப்பான்காரனிடம் வேலை. அதிலிருந்து பால்காரரைக் கண்டாலும் இடுப்பு வரை குனிந்து கும்பிடுகிறாள். அடுத்த வீட்டு ஹரிபாபுவுக்குத் திருப்பதிப் பக்கம் சீனாக்காரன் செல்போன் கம்பெனி. ஆகவே அவன் சீனா. பெயர் வைப்பதில் எங்கள் தெரு சோம்பல் பட்டதே இல்லை.

யசோதா எல்லாரையும் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

தேவயானி பத்திரமாக உட்கார்ந்திருந்தாள். எதிரே ஹரிபாபு. இருவருக்கும் நடுவே மேஜை மேல் ஒரு நகரமே இருந்தது. செல்போன் அட்டைப்பெட்டிகளில் கட்டிய மாடி வீடுகள், ரிப்பன் ஆறு, பாலம், ஆற்றங்கரையில் ஒரு கோடவுன். ஜன்னலுக்கு ஜன்னல் வேர்க்கடலை.

"இது ஷாங்காய் அத்த," என்று தேவயானி எழுந்து குனிந்தாள். "முப்பத்தேழுல சீனாவும் ஜப்பானும் போட்ட சண்ட. பகடை உருட்டி, தெருத்தெருவா, ஊடு ஊடா புடிக்கணும். வறுத்த கடல ஜப்பான், பச்சக் கடல சீனா."

"எங்க, வறுத்ததையே காணம்?" என்றாள் தாட்சாயணி.

மூலையில் தேவயானியின் அப்பா கோவர்த்தனன் மென்றுகொண்டிருந்தார். "பட்டாளம்னு யாரு கண்டா? தட்டுல இருக்கறதுன்னு நெனச்சி துன்னுட்டேன். உப்பு கரெக்டா இருந்துச்சி."

"நைனா துன்னதுலதான் கோடவுன் என் கைய வுட்டுப் போச்சி," என்றாள் தேவயானி.

"அதத்தான் கத்தினேன்," என்றான் ஹரிபாபு. "தெலுங்குல 'ஓடிப்போயிந்தி'ன்னா தோத்துப்போச்சின்னுதான அர்த்தம்?"

கமலம்மா வாயில் கை வைத்தாள். "ஐயய்யோ, ஆமா! கடேசில வர்ற 'இந்தி'ய யாரு கேட்டா? 'ஓடிப்போயி' காதுல வுழுந்ததுமே நான் போன எடுத்துட்டேன்."

"அது இருக்கட்டும், உனக்கு ஏதுடா தெலுங்கு?" என்று கோவர்த்தனன் ஹரிபாபுவைக் கேட்டார். "பத்தாவதுல அந்த ஒரு பரீட்சையத்தான வருசா வருசம் எழுதிக்கினு இருந்த?"

ஹரிபாபு மேஜைக்கடியில் விழாத கடலையைத் தேடப் போனான்.

தாட்சாயணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பையன் யாரு?" என்றாள். மாப்பிள்ளையின் அம்மா இல்லையா.

"அவங்க வேற ஆளுங்கம்மா. சின்னதுலருந்து இந்த ஊட்டுலயே துன்னு வளந்தவன். இவளுக்குக் கூடப் பொறந்தவன் மாதிரி," என்றாள் யசோதா.

அந்தக் 'கூடப் பிறந்தவன் மாதிரி' இன்னும் மேஜைக்கடியில்தான் கடலை தேடிக்கொண்டிருந்தான்.

"நிச்சயம்னு தனியா எதுக்கு? வர்ற முகூர்த்தத்துலயே தாலி கட்டிடலாம். இந்தச் சண்டைய இவங்க இன்னொரு தபா போடறதுக்குள்ள!" தாட்சாயணி இதைச் சொன்னதும் கீழே காபிக்குப் பால் வைத்தார்கள். மாடியில் மட்டும் சீனாவும் ஜப்பானும் பகடையைத் தொடாமல் உட்கார்ந்திருந்தன.

அன்றிலிருந்து எங்கள் தெருவில் யாரும் தோற்பதே இல்லை, ஓடிப்போவதுதான். கிரிக்கெட்டில் இந்தியா ஓடிப்போனது. சர்பஞ்ச் தேர்தலில் நின்ற சின்னசாமி ஓடிப்போனார். போனவர் தினமும் டீக்கடையில்தான் உட்கார்ந்திருந்தார்.

கல்யாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை யசோதா சீர் முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள். உதவிக்குக் கமலம்மா, பிழிந்ததைவிடத் தின்றது அதிகம். காலையில் வேலைக்கென்று கிளம்பிப் போன தேவயானியிடமிருந்து போன் வந்தது. எண்ணெய்க் கை என்பதால் யசோதா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நான் ஓடிப்போயிட்டேம்மா."

"கம்பெனிலயும் போன்ல இதே ஆட்டந்தானா? போனா போவுது வுடு. யாருகிட்ட, நம்ம சீனாகிட்டயா?"

"சீனா கூடத்தாம்மா. பக்கத்துலதான் கீறாரு."

முறுக்கு சிவந்துகொண்டிருந்ததால், 'கீறான்' எப்போது 'கீறாரு' ஆனான் என்று யசோதா கவனிக்கவில்லை. கமலம்மா கவனித்தாள், மெல்லுவதை நிறுத்தினாள்.

"சரி, பொழுதோட ஊடு வந்து சேரு. அது இன்னாடி அங்க, கோவிந்தா கோவிந்தான்னு சத்தம்?"

"திருமலைம்மா... நான் தமிழ்ல சொல்றேன்."