அதே இஞ்சின்

இதில் ஒரு கீறல்கூட விழவில்லையே என்று சிவமலர் நினைக்கிறாள். மழையில் சறுக்கிய மஸ்டாங் கார் நசுங்கி மகன் வினோஜன் இறந்தபோதும், அறுபத்தொன்பதாம் ஆண்டின் இந்த எட்டு சிலிண்டர் இஞ்சின் முழுதாகவே மிஞ்சியது. கணவர் கிருபானந்தன் இரண்டு வருடம் பாடுபட்டு அதை இன்னொரு பழைய மஸ்டாங்கில் பொருத்தியிருக்கிறார். இல்-பிசார் தீவிலுள்ள வீட்டுக் கராஜில் அது இன்று உறுமுகிறது. அலமாரியில் ஆணிப் போத்தல்கள் அதிர்கின்றன. வாசல் வெயிலில் நீலப் புகை தவழ்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அவர் கண்ணை மூடிக் கேட்கிறார். "பிள்ளை வரேக்க கேக்கிற அதே சத்தம், என்ன?" "ஓம்." அவன் போனபோதும் இதே சத்தம்தான். "சில்லுகளுக்குக் கீழ தேசிக்காயை வைச்சிட்டு ஏறும். ஒரு சுத்துப் போட்டு வருவம்." நாலு தேசிக்காய்களும் அவள் கையில் குளிர்கின்றன. வினோஜன் தன் மஸ்டாங்கை முதன்முதலில் ஓட்டியபோதும், ஒன்றும் நேரக்கூடாதென்று அவள்தான் வைத்தாள். அவற்றை ஒவ்வொன்றாகக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போடுகிறாள். "இல்லையப்பா," என்கிறாள், "நான் வைக்க மாட்டன்."