கீழ்வீட்டு டச்சுக்காரர்

"நேரடியா சொல்லிடுங்க மேடம். சுத்தி வளைச்சுப் பேசினா டச்சுக்காரங்களுக்குப் புரியாது" என்றாள் தாரிணி, ஹெட்போனைச் சரிசெய்துகொண்டே.

மறுமுனையில், உட்ரெக்ட் நகரத்து மாடி வீட்டில், பார்பரா மூக்கை உறிஞ்சினார். அறுபது வயதான அமெரிக்கப் பெண்மணி. மகளுக்கும் பேத்திக்கும் பக்கத்தில் இருக்கலாம் என்று நெதர்லாந்தில் குடியேறி நாலு மாதம் ஆகிறது. வந்த அன்றே கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "நீங்க நடக்கறது குதிரை ஓடற மாதிரி கேக்குது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"சரி, சமாதானமாப் போகலாம்னு கேக் செஞ்சு எடுத்துட்டுப் போனேன். டைரியைப் புரட்டிப் பாத்துட்டு, அடுத்த வாரம் வியாழக்கிழமை வாங்கன்னுட்டார். அன்னிக்குப் போனா, காபியோட ஒரே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்துட்டு டப்பாவை மூடிட்டார்."

"அது அவங்க வழக்கம் மேடம். அவமானப்படுத்தறதா நினைக்காதீங்க."

"இப்போ டிரம்பெட் வேற கத்துக்கறார். தினம் காலைல."

"எப்படி வாசிக்கறார்?"

"சகிக்கலை."

"அதையே சொல்லிடுங்க."

"ஐயோ, அதெப்படி? எங்க ஊர்ல, 'ரொம்ப ஆர்வமா வாசிக்கறீங்க'ன்னுதான் சொல்வோம்."

"அதைச் சொன்னா அவர் சாயங்காலமும் வாசிப்பார் மேடம்."

பார்பரா பெருமூச்சு விட்டார். "இதுதான் கடைசி முயற்சி தாரிணி. இதுவும் சரிப்படலைன்னா நான் ஊருக்கே திரும்பிடப் போறேன்."

வேற்று நாட்டாரோடு வாழ நேர்ந்தவர்களுக்குத் தொலைபேசியில் ஆலோசனை சொல்லும் நிறுவனம் அது. சொல்பவர்கள் உட்கார்ந்திருந்ததோ ஹைதராபாத் ஹப்சிகுடாவில், ஒரு நகைக்கடைக்கு மேலே மூன்றாவது மாடியில். தாரிணி கரூர்க்காரி. குஷாய்குடாவில் சித்தப்பா வீட்டில் தங்கி, பஸ்ஸில் வந்து போனாள். அவள் கண்ட அயல்தேசமே ஹைதராபாத்தான். டச்சுக்காரர் ஒருவரைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை.

அவளுக்கு வாய்த்த குரு, பக்கத்து வரிசை இர்பான். வாணியம்பாடிக்காரன், மூன்று வருடத்தில் இந்த ஊர்ப் பேச்சு அவன் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"டச்சுக்காரங்களைப் பத்தி உனக்கு எப்படி இவ்வளவு தெரியும் இர்பான்?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நாள் பூரா அவங்களோடதானே பேசறேன். மனசுல இருக்கறதைப் பட்டுனு சொல்லிடுவாங்க. நாமளும் அப்படியே சொல்லிடணும். சர்க்கரை நக்கோ, வேணவே வேணாம்."

அந்த டச்சுக்காரர்கள் எந்த நாட்டில் போய் என்ன பாடுபடுகிறார்களோ, அவள் கேட்டதில்லை. டீ குடிக்கும்போது அவனும் பதிலுக்கு அமெரிக்கர்களைப் பற்றி ஏதாவது கேட்பான். பார்பராவிடம் பேசிப் பேசித் தெரிந்துகொண்டதை அவள் சொல்வாள்.

கடைசி முயற்சி என்று சொன்னதற்கு மறுநாள் மதியம் மூன்று மணிக்குப் பார்பராவின் அழைப்பு வந்தது. இந்த முறை அழுகை இல்லை, கோபம்.

"டச்சுக்காரங்க இனிக்க இனிக்கப் பேச மாட்டாங்கன்னு நீதானே சொன்னே?"

"ஆமா மேடம்."

"காலைல வாசல்ல அவரைப் பாத்தேன். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள, 'உங்க தொப்பி பிரமாதம், உங்களுக்கு இன்னிக்குப் பொழுது அருமையா அமையட்டும்'னு முப்பத்திரண்டு பல்லையும் காட்டறார். அப்படின்னா என்ன அர்த்தம்? என்னைக் கேலி பண்றார்."

"நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

"நீ சொல்லிக்கொடுத்ததைத்தான். உங்க டிரம்பெட் சகிக்கலைன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னேன். அதுக்கும் 'அற்புதம்'ங்கறார். உனக்கு டச்சுக்காரங்களைப் பத்தி ஒண்ணும் தெரியலை, பெண்ணே. நான் பெட்டி கட்டறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. பத்தே நிமிடத்தில் மேற்பார்வையாளர் பத்மஜா கூப்பிட்டு அனுப்பினார். பார்பராவின் புகார் அவர் கணினியில் திறந்திருந்தது. தாரிணியின் வேலை அடுத்த மாதம்தான் நிரந்தரமாவதாக இருந்தது. பத்மஜா திட்டவில்லை. "நாளைக்குப் பேசுவோம்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை போலிருந்தது.

வேலை போவது ஒரு பக்கம். நாலு மாதம் பேசிய பழக்கத்தில், பேத்தியை விட்டுப் பிரிந்து போகப்போகும் அந்த அம்மாவை நினைத்தும் அவளுக்கு நெஞ்சு கனத்தது.

கீழே டீக்கடையில் இர்பான் நின்றுகொண்டிருந்தான். டீயில் ஆடை படிந்திருந்தது, அவன் குடிக்கவில்லை.

"உன்னையும் பத்மஜா மேடம் கூப்பிட்டாங்களா?"

"ஆமா. எல்லாம் உன்னாலதான்" என்றான் இர்பான். "அமெரிக்காக்காரங்களைப் பாத்தா சிரிக்கணும், எதையாவது பாராட்டணும், என்ன சொன்னாலும் அற்புதம்னு சொல்லணும்னு சொன்னியே, அதை நம்பி என் ஆள்கிட்ட சொன்னேன்."

"உன் ஆள் யாரு?"

"பாவம், ஒரு பெரியவர். மாடிக்குக் குடிவந்த அமெரிக்கம்மாவை முதல் நாளே நோகடிச்சிட்டோமேன்னு நாலு மாசமா உருகறார். ரெண்டு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு சிரிச்சுப் பழகிட்டு, இன்னிக்குக் காலைல தைரியமாப் போய் அவங்க தொப்பியைப் பாராட்டினாராம். அந்தம்மா, 'உங்க டிரம்பெட் சகிக்கலை'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்களாம்."