கண்ணாடி போடாத படம்

காட்டுத்தீயில் எரிந்த மலைக்கிராமத்தாருக்குக் கட்டித்தந்த புது வீடுகளில், சுடரைக் கண்டாலே கூரை தண்ணீரைக் கொட்டும். சாமி விளக்குகூட பேட்டரிதான்.

அந்தத் தீயில் போன மகள் குமுதாவின் ஒரே படம், ஓரம் கருகி, முகம் மட்டும் தப்பியிருந்தது. தொட்டுப் பார்ப்பதற்காகவே சிவகாமி அதற்குக் கண்ணாடி போடவில்லை.

பத்தாம் நினைவுநாளன்று படத்தின் முன்னால் அகலில் நெய் ஊற்றித் திரி போட்டாள்.

“வேணாம் புள்ள, பேட்டரி விளக்கையே வை,” என்றான் கணவன் மருதையன்.

“எத்தனை வருஷம் பிளாஸ்டிக்கையே ஏத்தி வைக்கிறது? ஒரே ஒரு திரிதானே, வீட்டுக்குத் தெரியவா போகுது?”

தீக்குச்சியை உரசித் திரியில் வைத்தாள். கூரை கொட்டித் தீர்த்தது.

“ஆபத்து நீங்கியது. அனைவரும் நலம்,” என்று அறிவித்தது வீடு.

சிவகாமி பதறிப்போய் முந்தானையால் படத்தை ஒற்றினாள். குமுதாவின் முகம் துணியோடு வந்துவிட்டது.