மடையோரத்துக் கன்னிமார்

டிப்பர் லாரி பின்பக்கமாக வந்துகொண்டிருந்தது. முன்கண்ணாடிக்கு மாலை, பம்பருக்கு எலுமிச்சம்பழம். பின்னால் தொட்டி நிறைய இடித்த செங்கல்லும் கான்கிரீட்டும் வளைந்த கம்பியும்.

"வரட்டும், வரட்டும்" என்று கை காட்டிக்கொண்டிருந்தான் காண்ட்ராக்டர் பூபதிராஜா. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பக்திமான்!

அர்த்தநாரிக்கு வயிறு எரிந்தது. அவன் கொட்டப்போவது அவருடைய காட்டில். வாய்க்கால் தண்ணீர் உள்ளே நுழைகிற மடையை ஒட்டிய பள்ளத்தில். அது மேடானால் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. முதலில் கடலை போகும், அப்புறம் தென்னை போகும். பிறகு எதை வைத்துப் பிழைப்பது?

ஊரே கூடி நின்றது. ஒரு முகத்திலாவது வருத்தம் இருக்க வேண்டுமே! இல்லை. பொங்கல் பானை பொங்கிக்கொண்டிருந்தது.

எல்லாம் அந்த ஏழு கற்களுக்காக. மடையோரம் வரிசையாக நிற்கிற கன்னிமாருக்கு மேடை போடப்போகிறார்கள். பள்ளத்தை நிரப்புகிற செலவு மொத்தமும் தன்னுடையது என்று பூபதிராஜா சொன்னபோது ஊர் கை தட்டியது.

செலவாம் செலவு! இடித்த குப்பையை அதற்கென்று இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோனால் டீசலுக்கு அழ வேண்டும், கட்டணத்துக்கும் அழ வேண்டும். இந்தப் புண்ணியவான் என்றைக்குக் காசு கொடுத்துக் கொட்டியிருக்கிறான்? வேலந்தாவளத்தில் பழைய லாட்ஜ் ஒன்றை இடித்தானே, அதன் நீலச் சுவர் முழுவதும் துண்டு துண்டாக இதே பள்ளத்துக்குத்தான் வந்தது.

ஆள் இல்லாத நேரம் பார்த்து வருவான், கவிழ்ப்பான், போய்விடுவான். அர்த்தநாரி பஞ்சாயத்தில் பராதி கொடுத்தார். வண்டி நம்பர் கேட்டார்கள். காவல் உட்கார்ந்து பார்த்தார். சோறு தின்னப் போன நேரத்தில் அடுத்த லோடு விழுந்தது. ஒவ்வொரு தடவையும் அவரும் மனைவி வள்ளியாத்தாளும்தான் கையால் அள்ளி மடையைத் திறந்தார்கள். கண்ணாடிச் சில்லு கிழித்த தழும்பு இன்னும் அவர் உள்ளங்கையில் இருக்கிறது.

கன்னிமார் வந்த பிறகுதான் லாரி நின்றது. சாமி இருக்கிற இடத்தில் எந்த டிரைவர் குப்பை கொட்டுவான்?

லாரி நின்றதோடு முடியவில்லை. கல்யாணமாகி வருஷக்கணக்காக ஏங்கிக் கிடந்த மகள் மௌனிகாவுக்காக வள்ளியாத்தாள் இங்கே வேண்டிக்கொண்டாள். மௌனிகா முழுகாமல் இருக்கிறாள் என்று போன் வந்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? செவ்வாய்க்கிழமையானால் மடையோரம் நிற்க இடமில்லை.

"மடை அடஞ்சு போயிருமுங்க. காட்டுக்குத் தண்ணி எப்படி வரும்?" அர்த்தநாரி கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தார்.

பதில் வள்ளியாத்தாளிடமிருந்து வந்தது. "ஏனுங், சாமிக்கு எடங் குடுக்க இத்தன ரோசனையா? புள்ள முழுகாம இருக்கற நேரத்துல வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."



ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் லாரி நின்றுவிடும். அது சாமியே இல்லை. இவன் கொட்டிய குப்பையிலிருந்து ஏழு துண்டைப் பொறுக்கி, வரிசையாக நட்டு, மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தது அவர்தான். வேறு வழி தெரியாமல், ஆத்திரத்தில் செய்தது. குப்பை நிற்கும் என்று நினைத்தார். கூட்டம் வரும் என்று யார் கண்டது?

சொல்லிவிடலாம். ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அவர் தொண்டையைக் கனைத்தார்.

அதற்குள் பூபதிராஜா சூடத்தட்டோடு கற்களுக்கு முன்னால் குனிந்துவிட்டான். ஒவ்வொன்றுக்கும் காட்டிக்கொண்டே வந்தவன் கடைசிக் கல்லில் நின்றான். காலையில் பால் ஊற்றிக் கழுவிய வள்ளியாத்தாள், சாய்ந்து கிடந்த அந்தக் கல்லை நிமிர்த்தித் திருப்பி வைத்திருந்தாள். அர்த்தநாரி மண் பக்கமாக மறைத்து நட்ட முகம் இப்போது வெளியே தெரிந்தது. நீலம். லாட்ஜ் நீலம்.

பூபதிராஜா அதைப் பார்த்தான். திரும்பி அர்த்தநாரியைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

தட்டிலிருந்த மஞ்சளை அள்ளி, நீலம் தெரியாமல் தடவினான். கட்டைவிரலால் அழுத்திக் குங்குமம் வைத்தான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

"சக்தியான சாமிங்க!" என்று ஊரைப் பார்த்துச் சொல்லிவிட்டு லாரிக்குக் கை அசைத்தான்.

தொட்டி மேலே எழும்பியது. முதல் சரிவு மடைவாயில் வந்து விழுந்தது.

"நிறுத்துடா!"

கத்திய பிறகுதான் அது தன் குரல் என்று அர்த்தநாரிக்குத் தெரிந்தது. உடம்பு உதறியது. காலும் கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அத்தனை மாதக் கோபம் மொத்தமும் ஒரே நேரத்தில் ஏறிவிட்டது.

"சாமி வந்துருச்சு!" என்று யாரோ கூவினார்கள்.

ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் அவர் தலையில் விழுந்தது. வள்ளியாத்தாள் காலில் விழுந்தாள். "ஆத்தா, என்ன கொற வெச்சோம்? சொல்லு ஆத்தா!"

மஞ்சள் தண்ணீர் வழிகிற கண்ணோடு அர்த்தநாரி பூபதிராஜாவைப் பார்த்தார். வந்தது சாமி இல்லை என்று அவனுக்குத் தெரியும். இனி அவனால் அதைச் சொல்ல முடியாது என்று இவருக்கும் தெரியும்.

"கொட்டுனவனே அள்ளோணும்" என்று விரலை நீட்டினார். "கையால அள்ளோணும்!"

ஊர் மொத்தமும் பூபதிராஜா பக்கம் திரும்பியது.

 அவன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மடைவாயில் கிடந்த முதல் துண்டைத் தூக்கக் குனிந்தான்.