இரட்டைத் தடுப்பு

“இன்னா அண்ணாத்தே, இதுக்குப் பேரு சுவரா? கைய வெச்சா அந்தாண்ட பூந்துடும் போலக்கீது!”

தச்சர் அமீருதீன் தடுப்பைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். ஒரே கூடத்தை இரண்டு குடித்தனத்துக்கு விட, வீட்டுக்கார அம்மா வேம்புலியம்மாள் போட்ட தடுப்பு அது. மெல்லிய ரீப்பர் மரச்சட்டங்கள், அதன்மேல் அட்டை. அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் பத்மா கரண்டியைக் கீழே வைத்தால் இந்தப் பக்கம் கேட்கும்.

“இன்னொரு வரிசை ரீப்பர் அடிங்க பாய். நடுவுல மரத்தூளைக் கொட்டி நல்லா அடைச்சிடுங்க. சத்தமே வரக் கூடாது” என்றான் இந்தப் பக்கத்துக் குடித்தனக்காரன் பாஸ்கல்.

“நைட் ஷிப்ட்டா?”

“ஆமா. அம்பத்தூர்ல.”

“அதான பாத்தேன். பகல்ல தூக்கம் இல்லன்னா மனுஷன் இன்னாத்துக்கு ஆவான்? வூட்டுக்காரம்மா காதுல போட்டியா?”

“அவங்களுக்குத் தெரியும். இந்த மாசத்துக்குள்ள சத்தம் நிக்கலன்னா காலி பண்ணச் சொல்லிட்டாங்க.”

திருநின்றவூரில் இந்த வாடகைக்கு வேறு வீடு அகப்படாது.

“அடடா! காலி பண்ணிட்டுப் போவட்டும்னு வுடாம, உன் கைக்காசைப் போட்டு அவங்களைக் காப்பாத்துறியா? யாருக்கு வரும் நைனா இந்த மனசு!”

பாஸ்கலுக்கு முகம் சுட்டது. குனிந்து, கீழே கிடந்த ஆணிகளைப் பொறுக்க ஆரம்பித்தான்.

தண்ணீர்க் குடத்தோடு பத்மா வாசலைத் தாண்டினாள். அமீருதீன் விடவில்லை.

“இன்னாம்மா, உங்க ஊட்ல அப்படி இன்னாதான் கூத்து? பாவம், அவரு தூங்க வாணாமா?”

பத்மா நின்றாள். பாஸ்கலைப் பார்த்தாள். அவன் ஆணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இனிமே கேக்காம இருந்தா சரிதான் பாய்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பாஸ்கலுக்கு.

மதியத்துக்குமேல் வேலை முடிந்தது. அமீருதீன் மரத்தூளை உதறிக்கொண்டு எழுந்தார்.

“கேக்குதான்னு பாத்துடலாம். நான் அந்தாண்ட போய்க் கத்தறேன். நீ இங்க நில்லு.”

“வேணாம் பாய். நீங்க அங்க போய் நில்லுங்க. நாங்க இங்கேர்ந்து கத்தறோம்.”

“எங்கேர்ந்து கத்தினா இன்னா, எல்லாம் ஒண்ணுதான்” என்றபடி அவர் பக்கத்து வீட்டுக்குப் போனார்.

பாஸ்கல் அடுப்படிப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டான்.

“அருளு, இங்க வா. பாய் அந்தாண்ட நிக்கிறாரு. கொஞ்சம் பலமா கத்து, பாப்போம்.”

அருள்செல்வி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து தடுப்பின் முன்னால் நின்றாள்.

“சும்மா கத்தினா அந்தச் சத்தம் வராதுங்க” என்றாள். “எப்பவும் போல அடிங்க, கத்தறேன்.”